இரும்பு வந்தால் முடிந்தது கதை

காட்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு நட்சத்திரத்தோடு என்ன வேலை என்று கேட்பார்கள். எனக்கு இரும்போடுதான் வேலை. ராட்சச நட்சத்திரங்களின் உயிரை எடுப்பதும் அதே இரும்புதான்.

சூரியனைப் போல 25 மடங்கு எடையுள்ள நட்சத்திரம் ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்த்து வரும் ஆற்றலை வைத்தே சுமார் 70 லட்சம் வருஷம் ஓட்டிவிடும். அப்புறம் ஹீலியத்தில் ஏழு லட்சம் வருஷம் போல. கார்பனுக்கு வந்தால் சில நூறு வருஷம்தான். ஆக்சிஜன் சில மாதம். கடைசியில் சிலிக்கான், ஏறக்குறைய ஒரே நாள்! அது தீர்ந்தால் நடுவில் மிஞ்சுவது இரும்பு. இரும்பணுக்களைச் சேர்த்தால் ஆற்றல் வராது, கைக்காசைப் போட வேண்டியதுதான். அந்த இரும்பு உருண்டை சூரியனைப் போல 1.4 மடங்கு எடையை நெருங்கும்போது தன் பாரத்தையே தாங்காது. அந்த எல்லைக்கு நம் வானியற்பியலாளர் சந்திரசேகர் பெயர். பூமி அளவிலான உருண்டை ஒரு விநாடிக்குள் நொறுங்கி, வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவில் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த அதிர்ச்சியில் வெளி அடுக்குகள் வெடித்துச் சிதறும்.

பட்டறைப் பையன் லேத் சக்கில் இரும்பு ராடை மாட்டிக்கொண்டே கேட்டான்: “அண்ணே, அப்போ இது அந்த உருண்டையில இருந்து வந்ததா?”

நல்ல கேள்வி. இல்லை. அந்த உருண்டை நியூட்ரான் நட்சத்திரம் என்ற இறுகிய பிண்டமாகவோ கருந்துளையாகவோ அங்கேயே தங்கிவிடும். வெடிப்பு அலை மேலடுக்குகளைக் கொளுத்தும்போது புதிதாக நிக்கல்-56 என்ற நிலையில்லாத அணு உண்டாகிறது. ஆறு நாளில் அதில் பாதி கோபால்ட் ஆகும். கோபால்ட்டில் பாதி 77 நாளில் இரும்பாகும். வெளியே வருவது இந்த இரும்புதான்.

1987 பிப்ரவரியில் பக்கத்து விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது இங்கே தெரிந்தது. ஒளிக்குச் சில மணி நேரம் முன்னாலேயே ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சோவியத் யூனியனிலும் இருந்த கருவிகளில் நடு உருண்டை நொறுங்கும்போது கிளம்பும் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் இருபது சொச்சம் சிக்கின. பழைய வட ஆற்காட்டு ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூர் வானாய்வகத்திலிருந்தும் அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலையை எடுத்தார்கள். இங்கிருந்து அது தெற்கே அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். பாடுபட்டிருப்பார்கள். பிறகு அதை ஒளிரவைத்தது கோபால்ட் சிதையும் ஆற்றல்தான்; அதனால் வெளிச்சம் மங்கிய வேகம் கோபால்ட்டின் 77 நாள் கணக்கோடு அப்படியே பொருந்தியது. அதிலிருந்து வந்த இரும்பு மட்டும் 20,000 பூமிகளின் எடைக்கு மேல்.

பையனிடம் இதையும் சொன்னேன்: ராடில் இருக்கிற இரும்பு முழுக்க இப்படி வந்ததல்ல. வெள்ளைக்குள்ளன் என்கிற, எரிந்து முடிந்த சின்ன நட்சத்திரங்கள் வெடித்து வந்ததும் அதில் நிறைய உண்டு.

“அடுத்து எது வெடிக்கும்?” என்றான்.

உறுதியாகச் சொல்ல முடியாது, திருவாதிரை என்கிற சிவப்பு ராட்சச நட்சத்திரமாக இருக்கலாம் என்றேன். 2019 கடைசியில் அது மங்கியதும் ‘இதோ வெடிக்கப்போகிறது’ என்று ஊரெல்லாம் பேச்சு. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்ததுதான் விஷயம். வெடிக்க இன்னும் ஒரு லட்சம் வருஷம்கூட ஆகலாம். வெடித்தால் பகலிலேயே தெரியும்.