பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்த ஜூனியர்

சட்டம் படிக்கிற பிள்ளைகள் மேனேஜ்மென்ட் துறைக்குப் போய் ஒன்றிரண்டு பாடம் படித்து, அந்தப் பாடத்துக்குக் கிடைக்கும் கிரெடிட்டை, அதாவது பட்டத்துக்குக் கணக்கிடும் பாட மதிப்பை, எல்.எல்.பி.யில் சேர்த்துக்கொள்ள வழி வேண்டும் என்பது என் கட்சி. பாலக்காட்டில் வக்கீலாக இருக்கும் எனக்கு இதை அழுத்தமாக உணர்த்தியது ஓர் எண்ணெய் மில் வழக்கு.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மூன்று பேர் கூட்டாக நடத்திய மில். ஒருவர் இறந்துபோனார். ஒப்பந்தப்படி கூட்டு கலையவில்லை. மற்ற இருவரும் கணக்குத் தீர்க்காமலே மில்லை ஓட்டினார்கள். இறந்தவரின் மனைவி ஒரு பை நிறையக் காகிதத்தோடு வந்தார். பேரேடு தமிழில், ஆடிட்டர் கொடுத்தது ஆங்கிலத்தில். இனி மனு நடக்கப்போகும் கோர்ட்டிலோ சுற்றிலும் மலையாளம். எல்லைப்புறத்துக் கட்சிக்காரர்களுக்கு இது வழக்கம்தான்.

1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 37வது பிரிவு இப்படிப்பட்டவருக்கு இரண்டு வழி தருகிறது. இறந்தவரின் பங்கைப் பயன்படுத்தி வந்த லாபத்தைக் கேட்கலாம். இல்லையென்றால் பங்குத் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி கேட்கலாம்.

"எதை வாங்கறது சார், வட்டியா லாபமா?" என்று அந்த அம்மா கேட்டார். சட்டப் புத்தகம் அதோடு நின்றுவிடுகிறது. விடை பேலன்ஸ் ஷீட்டிலும் லாப நட்டக் கணக்கிலும் இருக்கிறது.

என் ஜூனியர் பி.பி.ஏ., எல்.எல்.பி. படித்தவள். வருஷவாரியாகக் கணக்குகளை விரித்து வைத்துக்கொண்டாள். காகிதத்தில் லாபம் மெலிந்துகொண்டே வந்தது. புது மெஷினுக்கான தேய்மானத்தை நியாயமான கழிவு என்று ஒதுக்கிவிட்டாள். குடோன் வாடகையில் நின்றாள்.

"அக்கா, இந்தக் குடோன் யாருது?"

"சின்ன பார்ட்னரோட மச்சான் பேர்ல இருக்கு கண்ணு."

மரணத்துக்குப் பிறகுதான் வாடகை எகிறியிருந்தது. அதைச் சரிக்கட்டிப் பார்த்தால் லாபம் வட்டியைத் தாண்டி எங்கேயோ நின்றது. லாபத்தையே கேட்டு மனு எழுதினோம். வாடகைக்குத் தனிப் பத்தி வைத்தோம்.

அமெரிக்காவில் இது பழைய ஏற்பாடு. அங்கே ஜே.டி. என்ற சட்டப் பட்டத்துக்கு வழக்கறிஞர் சங்க விதிப்படி குறைந்தது 83 கிரெடிட் வேண்டும். அதில் ஒரு சிறு பகுதியைப் பக்கத்து பிசினஸ் ஸ்கூலில் எடுக்கப் பல சட்டப் பள்ளிகள் அனுமதிக்கின்றன. முழு எம்.பி.ஏ.யும் சேர்த்துப் படிக்கிறவர்கள் வேறு.

கிரெடிட் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மதிப்பெண் இல்லாத வகுப்பு பரீட்சை நெருங்கும்போது காணாமல் போகும். பாடத்தை மேனேஜ்மென்ட் ஆசிரியரே நடத்த வேண்டும், அந்த மாணவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். நாம் "இது செல்லுமா" என்று கேட்கும் இடத்தில் அவர்கள் "இது கட்டுப்படியாகுமா" என்று கேட்பார்கள். கட்சிக்காரரும் அதைத்தான் கேட்கிறார். மார்க்கெட்டிங், தலைமைப் பண்பு எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் கணக்கியல், அடுத்து நிதி.

கஞ்சிக்கோட்டுச் சிறு தொழிற்சாலைக்காரர்களின் பாக்கி வழக்குகளும் இப்படித்தான். 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கு வாங்கியவருக்கு 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அதைப் போட்டுக் காட்டத் தெரியாத வக்கீல், சமரசப் பேச்சில் எதிராளி சொல்லும் தொகைக்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

ஐந்தாண்டு பி.பி.ஏ., பி.காம். சட்டப் படிப்புக்காரர்களுக்கு இதில் கொஞ்சமாவது கிடைத்துவிடுகிறது. வரலாறோ தமிழோ படித்துவிட்டு மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு வருகிறவர்களுக்குத்தான் கதவே இல்லை. எங்கள் எல்லையோர ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. முதல் இடம் அவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும்.