மூடியைத் திறந்து பார்த்த பிறகே கார்டு வாங்கினோம்

அக்கா மகள் போன வருடம் அனிமேஷன் படிக்கச் சேர்ந்தாள். கோலாலம்பூர் செந்தூலில் அவர்கள் வீட்டில் இருப்பது 2019-இல் கடையில் பெட்டியோடு அப்படியே வாங்கிய டெஸ்க்டாப். இன்டெல் கோர் ஐ5-9400 பிராசசர், 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. வீட்டிலிருந்தே பாடம் படித்த காலத்தில் அந்தக் கம்ப்யூட்டர்தான் கை கொடுத்தது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் வேலை செய்ய ஆரம்பித்ததும் திணறிப் போய்விட்டது. பத்துமலைப் படிக்கட்டில் ஒரு குரங்கு தாவித் தாவி ஏறும் காட்சி, மொத்தமே 10 விநாடிதான். விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம் என்றால் 240 பிரேம், ஒரு பிரேமைக் கணக்கிட்டுப் படமாக்க (இதைத்தான் ரெண்டர் என்பார்கள்) 6 நிமிடம், ஆக ஒரு நாள் முழுக்க மிஷின் ஓட வேண்டும். அதற்குள் சாயங்காலம் இடி இடித்தால் அக்கா வந்து சுவிட்சை அணைத்துவிடுவார். நம் ஊரில் இடி இடிக்காத வாரம் ஏது.

"மாமா, எனக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வேணும், நான் பார்ட் டைம் வேலை செஞ்ச காசு 900 வெள்ளி இருக்கு" என்றாள். அந்த வயதில் சேர்த்த 900 வெள்ளி எவ்வளவு பெரிய காசு என்று எனக்குத் தெரியும். அதனால் முதலில் மூடியைத் திறந்து பார்ப்போம், அப்புறம் கடைக்குப் போகலாம் என்றேன்.

இதைத்தான் எல்லோரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன். நாமே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் என்றால் கார்டு வாங்கிவிட்டு, இடம் போதாவிட்டால் பெட்டியை மாற்றலாம், கரண்ட் போதாவிட்டால் பவர் சப்ளையை மாற்றலாம். கடையில் பெட்டியோடு வாங்கியதில் பல நேரம் அது முடியாது. அதை உருவாக்கிய நிறுவனம் விலையைக் கட்டுப்படுத்த எல்லாவற்றையும் அளவாக வைத்திருக்கும், பிளக்கைக்கூடத் தன் வசதிக்கு ஏற்ப செய்திருக்கும்.

பின்பக்கம் இரண்டு திருகாணி, பக்கத் தகட்டை இழுத்தால் கழன்று வந்துவிட்டது. உள்ளே ஐந்து வருடத்துத் தூசி, மூலையில் இரண்டு பல்லி முட்டை ஓடு. தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 260 வாட் என்று இருந்தது. அதிலிருந்து வரும் ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் எல்லாமே மதர்போர்டுக்குத்தான் போகின்றன. கார்டுக்கென்று 6 பின், 8 பின் பிளக் ஒன்றுகூட இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்கான கரண்டே மதர்போர்டிலிருந்துதான் ஒரு சின்ன ஒயர் வழியாக வருகிறது. மதர்போர்டில் செருகும் பிளக்கும் வழக்கமான 24 பின் இல்லை, அதைவிடச் சிறியது. வெளியில் விற்கும் பவர் சப்ளையை வாங்கி வந்து அப்படியே மாட்ட வழியில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

கணக்கு கஷ்டமில்லை. கார்டு செருகும் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் சாக்கெட் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்குத் தனி ஒயர் வேண்டும், 6 பின் இன்னொரு 75 வாட் தரும், 8 பின் 150 வாட் தரும். நம்மிடம் ஒயரே இல்லை என்பதால் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் வாங்க முடியும். பிராசசருக்கு 65, கார்டுக்கு 70, மற்றதுக்கெல்லாம் சேர்த்து ஒரு 40 என்று வைத்தால் 175. 260-க்குள் நிம்மதியாக அடங்கும்.

பிறகு ஸ்கேல் வைத்து அளந்தோம். கார்டுக்கான நீளம், ஹார்ட் டிஸ்க் மாட்டிய கூண்டு வரைக்கும் 22 சென்டிமீட்டர். பெட்டி அகலமானது, அதனால் முழு உயரக் கார்டே போகும். மெல்லிசான ஸ்லிம் பெட்டி வைத்திருப்பவர்கள் அரை உயரக் கார்டு என்று கேட்டு வாங்க வேண்டும், இதை மறந்தால் கார்டு உள்ளேயே போகாது.

சனிக்கிழமை எல்ஆர்டியில் ஹங் துவா வரை, அங்கிருந்து மோனோரயிலில் இம்பி, பிறகு கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசா. அவள் மனதில் இருந்தது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு. பிளெண்டர் ரெண்டர் செய்ய என்விடியா கார்டு என்றால் கார்டை வைத்து வேகமாக ரெண்டர் செய்யும் ஆப்டிக்ஸ் முறை கிடைக்கும், அதனால் அந்தத் தேர்வு சரிதான். ஆனால் ஒரே 3050 என்ற பெயரில் இரண்டு விதம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது, பலருக்கும் தெரியாது. 2022-இல் வந்தது 8 ஜிபி மெமரி, 130 வாட் இழுக்கும், தனி ஒயர் கேட்கும். 2024 பிப்ரவரியில் வந்தது 6 ஜிபி, 70 வாட்தான். வெறும் மெமரி வித்தியாசம் மட்டுமில்லை, உள்ளே சிப்பும் கொஞ்சம் குறைத்ததுதான். பெயரை ஒன்றாகவே வைத்தது வாங்குபவர்களுக்குச் செய்த அநியாயம், வேறு என்ன சொல்ல.

முதல் கடையில் ஒரு தம்பி 8 ஜிபியைத்தான் எடுத்து வைத்தார். ஒயர் இல்லையே என்றதும் ஒரு அடாப்டரைக் காட்டி, "பாஸ், இதைப் போட்டா ஓடும்" என்றார். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக்கிலிருந்து 8 பின்னாக மாற்றும் ஒயர் அது. சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டில் 54 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. எங்கள் மிஷினில் அந்தக் கரண்டே மதர்போர்டு வழியாக வருவது. பிளாஸ்டிக் உருகி, கூடவே மதர்போர்டும் போனால் யார் பொறுப்பு? தயவுசெய்து யாரும் அந்த ஒயரை வாங்காதீர்கள், விலை 10 வெள்ளிதான் என்றாலும் வேண்டாம். இரண்டு கடை தள்ளி 6 ஜிபி கிடைத்தது, ஒற்றை விசிறி, 17 சென்டிமீட்டர், 800 வெள்ளிக்குச் சற்று அதிகம். பெட்டியில் வாட் எவ்வளவு, கார்டின் முனையில் பவர் பிளக் இருக்கிறதா என்று அவளையே பார்க்கச் சொன்னேன், பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தாள். மீதிக் காசோடு நான் கொஞ்சம் போட்டு இன்னொரு 8 ஜிபி ரேமும் வாங்கினோம்.

மாட்டியது அவள்தான். பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்சக் கரண்டை வடிய விட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ஆரம்பித்தாள். பின்பக்கம் இரண்டு தகட்டைக் கழற்ற வேண்டும், கார்டு இரண்டு பட்டை இடம் பிடிக்கும். சாக்கெட்டின் முனையில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், கார்டு சரியாக உட்கார்ந்தால் அது டக்கென்று மேலே வந்து பிடித்துக்கொள்ளும். முதல் தடவை சத்தம் வரவில்லை. எடுத்துப் பார்த்தால் கார்டின் இரும்புப் பட்டையின் கீழ்முனை பெட்டியின் விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. லேசாகச் சாய்த்து இறக்கி இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினாள், டக்.

ஆன் செய்தால் திரை இருட்டு. அவள் முகம் வெளிறிவிட்டது. விஷயம் இதுதான்: மானிட்டர் ஒயர் பழக்கத்தில் மதர்போர்டின் எச்டிஎம்ஐயிலேயே இருந்தது, கார்டு மாட்டியதும் இந்த மிஷின் அந்தப் பக்கத்தை நிறுத்திவிடுகிறது. ஒயரைக் கார்டுக்கு மாற்றியதும் படம் வந்தது. உங்களுடையது விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டர் என்றால் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள், இந்தக் கார்டுகளில் விஜிஏ கிடையாது, சிக்னலை மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டியிருக்கும்.

கார்டுக்கான டிரைவர் மென்பொருளைப் போட்டு முடித்த பிறகும் ரெண்டர் அதே 6 நிமிடம். ஏனென்றால் பிளெண்டருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். பிரிபரன்சஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் ஆப்டிக்ஸைத் தேர்ந்து கார்டுக்கு டிக் போட வேண்டும், அதோடு அந்தக் கோப்பின் ரெண்டர் அமைப்பிலும் சிபியு (பிராசசர்) என்பதை ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) என்று மாற்ற வேண்டும். இந்த இரண்டாவதை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் கார்டு சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். மாற்றியதும் அதே பிரேம் 50 விநாடியில் முடிந்தது. 240 பிரேமும் மூன்றரை மணி நேரத்துக்குள்.

அன்று இரவு பதினோரு மணிக்கு போன் செய்தாள். குரங்கின் வால் மூன்றாவது படியில் கல்லுக்குள் புகுந்து வெளியே வருகிறதாம், இத்தனை நாளாகத் தெரிந்தும் இன்னொரு நாள் முழுக்க ஓட விட முடியாது என்று அப்படியே விட்டு வைத்திருந்தாளாம். "இப்ப சரி பண்ணிட்டு ஓட விட்டுட்டேன் மாமா, காலையில பார்க்கலாம்" என்றாள்.