சாவா மூவாப் பேராடு

கல்வெட்டுப் படியெடுக்க எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாளே ஒரு கேள்வி வந்துவிடும். "தம்பி, புதையல் எங்க இருக்குன்னு எழுதியிருக்கா?" சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள், ஆனால் பதில் வரும் வரை நகர மாட்டார்கள். ஆரம்பத்தில் "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லைங்க" என்று சொல்லிப் பார்த்தேன். எதையோ மறைக்கிறான் என்றுதான் நினைத்தார்கள். அப்புறம் சுவரில் விரலை வைத்து இரண்டு வரி படித்தே காட்டத் தொடங்கினேன். "இந்தக் கோயிலில் விளக்கு எரிக்க ஒருத்தர் ஆடு கொடுத்திருக்கார்." "ஆடா?" என்று இழுத்துவிட்டு, கேட்டவர் டீக்கடைப் பக்கம் போய்விடுவார்.

அந்த ஏமாற்றம் எனக்கும் இருந்ததுதான். வேலைக்குச் சேர்ந்தபோது என் தலைக்குள் போரும் யானைப்படையுமாக இருந்தது. 'திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்' என்று ராஜராஜனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழுரை) தொடங்கும்போது உடம்பு சிலிர்க்கும். சில வரிகளில் அது முடிந்துவிடும். பிறகு நெல், நெய், ஆடு, நிலத்தின் நான்கு எல்லை, கையெழுத்துப் போட்டவர்கள். சுவர் முழுக்கக் கணக்கு. இந்தக் கணக்கையா இவ்வளவு பாடுபட்டுக் கல்லில் வெட்டினார்கள் என்று சலித்துக்கொண்டே முதல் வருடத்தை ஓட்டினேன்.

வேலை என்னவோ கைவேலைதான். முதலில் சுவரைத் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு, பழைய சுண்ணாம்பு, யாரோ தடவிய விபூதி, வௌவால் எச்சம் எல்லாம் போன பிறகு, நனைத்த தாளைக் கல்லின் மேல் விரித்து, பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அடித்துக்கொண்டே போக வேண்டும். உள்ளே காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது. அடிக்க அடிக்கத் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். கொஞ்சம் பலமாக அடித்தால் கிழியும். கிழிந்த இடத்தில் ஒரு துண்டு ஈரத்தாளை வைத்து மறுபடி அடிக்கலாம், ஆனால் ஐயா பார்த்துவிடுவார். (எங்கள் குழுவின் மூத்தவரை எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.) அதன் பிறகு துணிப்பந்தில் மை தொட்டு ஒற்ற வேண்டும். மேடான இடம் கறுத்து, வெட்டிய எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். இதைத்தான் மைப்படி என்கிறோம்.

எல்லாம் ஈரப்பதத்தில்தான் இருக்கிறது. ஈரம் அதிகமானால் மை ஊறி எழுத்தை மூடிவிடும். காய்ந்துவிட்டால் தாள் கல்லை விட்டு எழும்பிவிடும். வெயில் ஏறினால் கல் சூடாகிவிடும் என்பதால் விடியும் முன்பே தொடங்குவோம். எவ்வளவு காய வேண்டும் என்று கேட்டால் ஐயா புறங்கையால் தாளைத் தொட்டுவிட்டு "இப்போ" என்பார். அவ்வளவுதான் பாடம். அதிலும் அதிட்டானத்தில், அதாவது கோயிலின் அடித்தளத்தில், உருண்டு திரண்டிருக்கும் குமுத வரியில் எழுத்து ஓடினால் அன்றைக்கு முதுகு போச்சு. குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, வளைவோடு வளைவாகத் தாளை ஒட்ட வேண்டும்.

படிப்பது இன்னொரு கூத்து. பழைய எழுத்தில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகரமா ஏகாரமா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் எழுத்தைக் கூட்டிப் படித்தால் போதாது, அந்த இடத்தில் என்ன சொல் வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரு வரியை நான் பெரிய போர்ச் செய்தி என்று எழுதிக்கொண்டு போனேன். ஐயா பார்த்துவிட்டு, "இது நெல்லளக்கிற கணக்கு, சண்டை எங்கேப்பா வந்தது?" என்றார். குழுவில் ஒரு மாதம் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

சலிப்பு விட்டுப்போனது தஞ்சாவூரில். பெரிய கோயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 216 அடி விமானத்தையும், நிழல் தரையில் விழாது என்பதையும், உச்சியில் 80 டன் ஒற்றைக்கல் என்பதையும் சொல்வார்கள். நிழல் நன்றாகவே விழுகிறது, மாலையில் போய்ப் பார்க்கலாம். உச்சிக்கல்லும் ஒற்றைக்கல் அல்ல, பல கற்களைப் பொருத்தியது. சொன்னால் கோபம் வருகிறது. தலையை அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு அடிச்சுவரைப் பார்த்தால் அங்கே வேறு ஒரு அதிசயம் இருக்கிறது. 'நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டச் சொல்லியிருக்கிறான் ராஜராஜன். மற்றும் குடுத்தார்! அரசன் கொடுத்ததும் அதிகாரி கொடுத்ததும் ஒரே சுவரில்.

தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கு வந்த ஆடல் மகளிர், 400 பேரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் எழுதி, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று விதித்திருக்கிறார்கள். அந்த நெல்லை எந்த மரக்காலால் அளப்பது என்பதும் உண்டு: ஆடவல்லான் என்னும் மரக்கால். ஒருவர் இறந்துபோனால் அந்தப் பங்கு யாருக்கு என்பதற்கும் வழி சொல்லியிருக்கிறது. நகைப் பட்டியலில் முத்துகளை எண்ணி, கோத்த சரட்டின் எடையைக் கழித்து நிறுத்திருக்கிறார்கள். நாவிதர், தையற்காரர், தச்சர், கணக்கர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. பெருந்தச்சன் பெயரும் கிடைக்கிறது, குஞ்சரமல்லன் என்று. 1010 வாக்கில் முடிந்த ஒரு கட்டடம், தன்னை நடத்துவதற்கு யார் யார் வேண்டும் என்பதையும் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது. இவ்வளவு பெரிய கல்மலையை அடுக்க முடிந்ததற்குக் காரணம் யானையும் சாரமும் மட்டுமல்ல, சரட்டின் எடையைக் கழிக்கத் தெரிந்த இந்தக் கணக்குப்பிள்ளைத்தனமும்தான் என்று எனக்குப் பட்டது.

ஆட்டுக் கணக்கும் அங்கேதான் விளங்கியது. ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, நாளைக்கு உழக்கு நெய். அதற்கு 96 ஆடு, பசுவானால் 48, எருமையானால் 16. மற்ற ஊர்களில் 90 ஆடு என்பதும் உண்டு. மந்தையை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். கிழடும் சாவும் இருக்கும், ஆனால் குட்டிகள் அந்த இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையாது. அதனால் 'சாவா மூவாப் பேராடு'. வங்கியில் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுக்கிற ஏற்பாட்டுக்கு இதைவிட நல்ல பெயர் யாரும் வைக்கவில்லை.

ஒரு வருத்தம் உண்டு. திருப்பணி என்ற பெயரில் கம்ப்ரஸரால் மணலை வீசிச் சுவரைச் 'சுத்தம்' செய்த கோயில்களைப் பார்த்திருக்கிறேன். கல் பளபளவென்று இருக்கும், எழுத்து இருக்காது. திருமழபாடியில் பழைய விமானத்தைப் பிரித்துக் கட்டுவதற்கு முன்னால், அதிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான் ராஜராஜன். ராஜேந்திரன் காலத்தில் அவற்றை மறுபடி கல்லில் வெட்டினார்கள். எங்கள் தொழிலின் மூத்த குடி அவர்கள்தான்.

கடைசியாக ஒரு சின்னக் கோயில். டெல்டாவில், வெளியூரார் யாரும் வராத ஊர். வடக்குச் சுவரில் ஒரு வரி 'விளக்கு ஒன்றுக்கு வைத்த சாவா மூவாப் பேரா' என்பதோடு நின்றுவிட்டது. பக்கத்துக் கல்லில் எழுத்து தலைகீழாக இருந்தது. எப்போதோ பிரித்துக் கட்டியபோது மாற்றி வைத்துவிட்டார்கள். "தேடுங்க, ஊரை விட்டுப் போயிருக்காது" என்றார் ஐயா. இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள், கோயிலைப் பெருக்குகிற அம்மா, "மடப்பள்ளி வாசப்படியில எழுத்து மாதிரி இருக்கு தம்பி, பார்த்தீங்களா?" என்றார்.

அதுதான். கழுவித் தாளை ஒட்டினோம். 'டு தொண்ணூறும் கொண்டேன் இவ்வூர் மன்றாடி' என்று வந்தது. மன்றாடி என்றால் ஆடு மேய்ப்பவர். அதற்கு மேல் கால் பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. மை ஒற்றியதும் கறுப்பு மட்டுமே ஏறியது. கடைசியில் 'ன் மகன்' என்பது மங்கலாகத் தெரிந்தது.

அந்த அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். புதையல் கேள்வியை எதிர்பார்த்து, "ஆட்டுக் கணக்கும்மா" என்றேன்.

"ஆட்டை வாங்கிக்கிட்டது யாராம்?"

"பேர் தேஞ்சுபோச்சு."

"நாங்கதானே மிதிச்சோம்" என்றார்.

சாயங்காலம் மடப்பள்ளிக்குத் தண்ணீர்க் குடத்தோடு போனபோது, படியில் கால் படாமல் எட்டி உள்ளே வைத்தார். மறுநாளும் அப்படித்தான் போனாரா என்று பார்க்கவில்லை, விடியற்காலையிலேயே நாங்கள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டோம்.