மின்சாரம் வந்ததும் தானே எழும் பெட்டி

மார்ச் 16

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். அப்போது தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிற்பகல் மின்சாரம் வந்ததும், மோட்டாரைப் போட்டு அணைக்கும் மின்சுவிட்சான ரிலே பழைய நிலையை நினைவில் வைத்திருந்து மோட்டாரை மறுபடியும் ஓடவிட்டது. தொட்டி நிறைந்ததும் நிறுத்த வேண்டிய ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி எழவே இல்லை. மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் தெருவரை ஓடியது. பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்ன பிறகுதான் அம்மா சுவிட்சை அணைத்தார். "நான் கையால் போட்டு அணைத்த காலத்தில் ஒரு சொட்டு வீணானதில்லை" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பை மீது குற்றமில்லை. போனது அதில் செருகியிருந்த மெமரி கார்டு. வீட்டுக் கருவிகளை இயக்கப் பையில் ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் ஒவ்வொரு சென்சாரின் அளவையும் தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். நாம் மாற்றாத வரை பத்து நாள் வரலாற்றை வைத்திருக்கும். ஓயாமல் எழுதி எழுதித் தேய்ந்த கார்டு, எழுதிக்கொண்டிருந்த நொடியில் மின்சாரமும் போனால் என்ன செய்யும்? மூன்று ஆண்டுகள் தாங்கியதே பெரிது.

இன்வெர்ட்டரில் இணைத்திருக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஐந்து வயது. மூன்று மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. பராமரிப்பு மின்தடையோ மாலைவரை நீளும்.

மார்ச் 23

மூன்று வழிகள் தெரிந்தன. ஒன்று, பையிலேயே மெமரி கார்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற உறுதியான சேமிப்பகத்தைப் பொருத்துவது. இரண்டு, இன்டெல் என்100 சில்லு உள்ள புதிய மினி பிசி. மூன்று, அலுவலகங்கள் கழித்துவிட்ட, சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவே உள்ள சிறு கணினிப் பெட்டிகள்: லெனோவா டைனி, டெல் மைக்ரோ, ஹெச்பி மினி போன்றவை.

ஒரு வாரம் முழுக்க வேக ஒப்பீட்டு அட்டவணைகளைப் பார்த்து வீணடித்தேன். நாற்பது சென்சார், பத்துப் பன்னிரண்டு விளக்கு, ஒரு மோட்டார் உள்ள வீட்டுக்கு இவற்றில் எதுவும் போதும். கேமராப் படத்தில் ஆள் வருகிறாரா என்று அலசும் ஆசை இருந்தால் மட்டுமே சில்லு பற்றிக் கவலைப்பட வேண்டும். எனக்கு அந்த ஆசை இல்லை.

பழைய பெட்டிகளின் ஐ5-7500டி சில்லுக்கு 35 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து முதலில் மிரண்டேன். என்100க்கு வெறும் 6 வாட். ஆனால் இரண்டும் சில்லின் வெப்ப வரம்பைச் சொல்பவை. பெட்டி சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரம் வேறு. நண்பரின் என்100 பெட்டியை வாட் மீட்டரில் போட்டுப் பார்த்தோம்: 7 வாட். கடையில் ஒரு பழைய பெட்டி: 9 வாட். இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் முன்னது சுமார் 10 யூனிட், பின்னது 13. அந்த மூன்று யூனிட்டுக்காகக் கூடுதலாக ஆறாயிரம் ரூபாய் கொடுக்க மனம் வரவில்லை. கோடையில் ஏசி போட்டு 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டில் இந்தக் கணக்கே வேடிக்கைதான்.

ஆகவே பழைய பெட்டி: எட்டு ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கடைக்காரரிடம் நான் கேட்ட ஒரே சோதனை அவருக்கு விசித்திரமாக இருந்தது. பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலில்) 'மின்சாரம் திரும்பியதும் இயங்கு' என்ற அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து, அதை இட்டு, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகச் சொன்னேன். பொத்தானைத் தொடாமலே விளக்கு எரிந்தது. வாங்கிவிட்டேன். (நண்பரின் என்100 பெட்டியில் இதே அமைப்பு 'ஸ்டேட் ஆஃப்டர் ஜி3' என்ற பெயரில் ஒளிந்திருந்தது. 'எஸ்0' என்று மாற்றினால் தானாக எழும். இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு அரைமணி நேரம் ஆனது.)

மார்ச் 30

ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் கோப்பைப் பென்டிரைவில் எழுதிச் செருகினால், விண்டோஸ் போல 'எந்த டிஸ்கில் நிறுவட்டும்' என்று கேட்கும் என நினைத்தேன். கேட்காது, பென்டிரைவிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பிறகு உபுண்டு இயங்குதளம் உள்ள பென்டிரைவில் பெட்டியை எழுப்பி, அதிலிருந்து எஸ்எஸ்டியின் மேல் நேராக எழுதினேன். தெரியாத இயங்குதளங்களைத் தடுக்கும் செக்யூர் பூட் அமைப்பையும் அணைக்க வேண்டியிருந்தது. பையில் எடுத்து வைத்திருந்த பேக்கப் அப்படியே ஏறியது. சில்லு வகை மாறியதை அது பொருட்படுத்தவில்லை.

மாடி அறைக் கதவுச் சென்சார் மட்டும் அடிக்கடி காணாமல் போயிற்று. சென்சார்களுடன் கம்பியில்லாமல் பேசும் ஜிக்பீ டாங்கிளை யூஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகியிருந்தேன். யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும் என்று இன்டெல்லே 2012இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது; ஜிக்பீயும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. யூஎஸ்பி 2 துளைக்கு மாற்றி, ஒன்றரை மீட்டர் நீட்டிப்புக் கம்பியில் டாங்கிளைச் சுவரில் தொங்கவிட்டேன். மறுநாளிலிருந்து சென்சார் அடங்கியிருக்கிறது.

ஏப்ரல் 17

மறுபடியும் பராமரிப்பு நாள். மின்சாரம் வந்தது, பெட்டியின் விளக்கும் எரிந்தது, ஆனால் ஹோம் அசிஸ்டன்ட் வரவில்லை! திரையை இணைத்துப் பார்த்தால், தேதியும் நேரமும் தவறு என்று சொல்லி, ஒரு விசையை அழுத்தக் காத்து நிற்கிறது. விசைப்பலகையே இல்லாத பெட்டி யாருக்காகக் காத்திருக்கும்? உள்ளே ஒரு ரூபாய் நாணய அளவில் இருந்து, மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காக்கும் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தது. கடையில் பிளக்கைப் பிடுங்கியது பத்து நொடி. அதற்குள் நேரம் அழியவில்லை. எட்டு மணி நேரம் இருளில் கிடந்தபோது அழிந்துவிட்டது. பழைய பெட்டி வாங்குபவர்கள் முதல் நாளே அந்தப் பேட்டரியை மாற்றிவிடுங்கள். ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை.

இந்த முறை தண்ணீர் ஓடவில்லை. மின்சாரம் வந்ததும் மோட்டார் அணைந்த நிலையிலேயே இருக்கும்படி ரிலேயை முன்பே மாற்றியிருந்தேன். உண்மையில் அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். எந்தப் பெட்டி வாங்கியிருந்தாலும் அந்த ஓட்டை அடைபட்டிருக்காது.

மே 15

காலை 9:05க்குப் போன மின்சாரம் 4:40க்கு வந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன். 4:42க்குக் கைப்பேசியில் செய்தி: தொட்டி 38 சதவீதம். அம்மா அதற்குள் மாடியேறி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்திருந்தார்.

மின்விசிறி மட்டும் இரவில் லேசாக உறுமுகிறது. ஞாயிறன்று திறந்து தூசி தட்டி, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்ற வேண்டும்.