அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவே ஒரு பாடசாலை

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். வடக்கின் மற்ற மாவட்டங்களிலும் அதே கதிதான். பெரும்பாலானோர் ஒதுங்கிய இடம் இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள புத்தளம். கல்பிட்டிப் பக்கத்து முகாம்களில் கிடுகுக் கொட்டில்கள் எழும்பிய கையோடு பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய பேச்சும் எழும்பியது. உள்ளூர்ப் பாடசாலைகள் காலையில் தங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு, பின்னேரம் கட்டடத்தை எங்களுக்கு விட்டுத் தந்தன. அந்த மக்களுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

பின்னேரப் பாடசாலையில் குமர்ப்பிள்ளைகளை இடையில் விலகாமல் நிற்க வைப்பதுதான் பெரும்பாடு. உம்மா வாப்பாமாருக்குப் படிப்பில் அக்கறையில்லை என்று சொன்னவர்கள் உண்டு. அது பிழை. தடுத்தது இருட்டு.

கணக்கைப் பாருங்கள். 1.45க்குத் தொடங்கி, 40 நிமிடப் பாடத்தை 30 நிமிடமாகச் சுருக்கினாலும், எட்டுப் பாடமும் பின்னேரத்து அஸர் தொழுகைக்கான 15 நிமிட இடைவேளையும் முடிய 6 மணியாகிவிடும். நவம்பரில் அந்தித் தொழுகையான மஃரிபுக்கு 6 மணிக்கு முன்பே பாங்கு சொல்லிவிடும். விளக்கில்லாத மணல் பாதையில் எந்த உம்மா மகளை நடக்க விடுவாள்? அதனால் மேல்வகுப்புகளுக்கு ஏழே பாடம், 5.30க்கு மணி. விடுபட்ட பாடம் சனிக்கிழமை காலையில். ஒரே ஒழுங்கையில் இருக்கும் பிள்ளைகள் ஒன்றாகப் புறப்பட வேண்டும், கடைசிப் பிள்ளை வீடு சேரும் வரை ஒரு ஆசிரியை கூடப் போக வேண்டும்.

அடுத்தது மலசலகூடம். கதவுக்கு உட்கொண்டி இல்லாவிட்டால் பிள்ளைகள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், மாதவிடாய் நாட்களில் வரவே மாட்டார்கள். அப்படி மாதாமாதம் நாலைந்து நாள் விட்டால் முதலில் கைவிட்டுப் போவது கணிதம், பிறகு பாடசாலையே. ஒரு கொண்டி, நிறைந்த வாளி, மூடி போட்ட குப்பைத்தொட்டி: இவ்வளவுதான் தேவை. ஆனால் வாளியைத் தினமும் நிரப்ப ஒருவரைப் பொறுப்பாக வைக்காவிட்டால் ஒரு கிழமைகூடத் தாங்காது.

வரவு இடாப்பில் மூன்று நாள் தொடர்ந்து வரவில்லையென்றால் நாலாம் நாள் ஆசிரியை கொட்டிலுக்குப் போவார். பெரும்பாலும் காரணம் வெங்காயத் தோட்டத்துக் கூலி, இல்லையென்றால் கைப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமை. ஆண் ஆசிரியர் போனால் வாசலோடு பேச்சு முடிந்துவிடும். ஆசிரியை போனால் அடுப்படி வரை போய் உம்மாவோடு உட்கார்ந்து பேசலாம். தொண்டர் ஆசிரியைகளின் அருமை அங்கேதான் தெரிந்தது.

பிறப்புச் சான்றிதழ் தனி வேதனை. வீட்டோடு விட்டு வந்தது. பதிவிலக்கம் தெரியாது. அது இல்லாமல் அடையாள அட்டை எடுப்பது பெரும் சிக்கல், அடையாள அட்டை இல்லாவிட்டால் ஆண்டு 11இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சை மண்டப வாசலில் தடுமாற்றம். ஆண்டு 8இலேயே பிள்ளை பிறந்த இடம், திகதி, பதிவாளர் பிரிவு மூன்றையும் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டு 11 வரை பொறுத்தால் நேரம் போதாது.

போர் முடிந்த 2009க்குப் பிறகு வடக்கில் மீள்குடியேறிய குடும்பங்கள் பலவற்றில் வாப்பா யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ, பிள்ளைகள் படிப்புக்காகப் புத்தளத்தில் என்று பிரிந்து வாழ்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவ ஒரு முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் 1945இல் தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி வசதியற்ற மாணவரின் கையிலேயே பணம் சேர வழி செய்தது. வெளிநாட்டிலிருந்து நாம் அனுப்பும் பணமும் அப்படியே போகட்டும்: பெயர்ப்பலகை மாட்டிய கட்டடத்துக்குக் கொடுப்பதற்கு முதல், மேல்வகுப்புப் பிள்ளைகளின் பஸ் காசுக்கும் ஆசிரியைகளின் போக்குவரத்துக்கும்.