வைஃபைக்குக் கைப்பேசி எண்ணையா வைத்திருக்கிறீர்கள்?

பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் தோட்டத்து லயமானாலும் (வரிசை வீடுகள்) கடைத்தெரு ஒட்டுக்கடையானாலும், வைஃபை கடவுச்சொல் கேட்டால் அடிக்கடி காதில் விழுவது 01 என்று தொடங்கும் ஒரு கைப்பேசி எண். அதே எண் கடைப் பலகையிலும் இருக்கும்!

பலகையில் இல்லாவிட்டாலும் வித்தியாசம் அதிகமில்லை. பத்து இலக்க எண்ணில் 01 போனால் மீதி எட்டு. மொத்தம் 100 மில்லியன் வாய்ப்புகள். டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் ஓடும் வைஃபையில் ஒரு கைப்பேசி இணையும் நொடியில் நடக்கும் பரிமாற்றத்தை வெளியில் நின்றே பதிவு செய்துகொண்டு, வீட்டுக்குப் போய் ஒவ்வோர் எண்ணாகச் சோதிக்கலாம். நல்ல கிராபிக்ஸ் அட்டைக்கு அது சில நிமிட வேலை. ரவுட்டருக்கு ஒன்றும் தெரியாது. ஐசி (அடையாள அட்டை) எண் இன்னும் மோசம்: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு மாநிலக் குறியீடு (பேராக் என்றால் 08), ஊகிக்க மிஞ்சுவது நான்கே. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். 63 எழுத்து வரை இடமுண்டு.

கடவுச்சொல்லை மாற்றியும், அதைத் தட்டாமலே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதி திறந்திருந்தால் பயனில்லை. அதன் ரகசிய எண் (PIN) எட்டு இலக்கம்தான், கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு. முதல் நான்கு சரியா என்று ரவுட்டரே தனியாகச் சொல்லிவிடும். ஆகவே முதல் நான்குக்கு 10,000, அடுத்த மூன்றுக்கு 1,000, அதிகபட்சம் 11,000 முயற்சி. 2011-லேயே அம்பலமான ஓட்டை இது. அணைத்துவிடுங்கள்.

லயத்தில் ஒரே இணைப்பை நாலு வீடு பகிர்ந்தால், எல்லாருமே ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். அங்கே ரவுட்டர் அமைப்புகளைத் திறக்கும் நிர்வாகக் கடவுச்சொல்தான் முக்கியம். அது 'அட்மின்' என்றே கிடந்தால், யார் வீட்டுக் கைப்பேசியில் புகுந்த கெட்ட மென்பொருளும் ரவுட்டரில் உள்ள டிஎன்எஸ் (இணையப் பெயருக்கு வழிகாட்டும் சேவை) முகவரியை மாற்றி, வங்கிப் பக்கம் கேட்டவரைப் போலிப் பக்கத்துக்கு அனுப்பப் பார்க்கும். பக்கத்து வீடுகளுக்கு விருந்தினர் வைஃபையைத் தனியாகத் திறந்து கொடுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, டெல்நெட் (கட்டளை தட்டி இயக்கும் பழைய வழி), யூபிஎன்பி (கருவிகள் தாமே ரவுட்டரில் வழி திறக்கும் வசதி) மூன்றையும் மூடுங்கள். 2016-இல் மிராய் என்ற கெட்ட மென்பொருள் பரவியது டெல்நெட்டும் தொழிற்சாலைக் கடவுச்சொல்லும் சேர்ந்த கருவிகளில்தான்.

ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைக் காலையிலேயே, கேபிள் வழியாகப் புதுப்பியுங்கள். நம் பக்கத்துச் சாயங்கால இடிமழையில் பாதியில் மின்சாரம் போனால் ரவுட்டர் செத்த பெட்டியாகிவிடலாம்.

ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்துமுன் இணைய நிறுவனத்துடன் இணைய உதவும் பிபிபிஓஇ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும், இணையத் தடத்தைப் பிரித்துக் காட்டும் விலேன் எண்ணையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்; யூனிஃபை ஃபைபருக்கு இணைய விலேன் 500. ரீசெட் செய்தால் எல்லாம் அழிந்து, மூடிய கதவுகளும் பழையபடி திறந்துகொள்ளும். மின்னலில் போன ரவுட்டருக்குப் பதில் புதிது மாட்டும்போதும் இதே நிலைதான்: பொருத்துபவர் இணையம் வந்ததும் கிளம்பிவிடுவார், டபிள்யூபிஎஸ்ஸை அணைக்க மறுபடி நீங்கள்தான் உட்கார வேண்டும்.