ஏற்காட்டுத் தோட்ட ஜீப்பில் டர்போ பொருத்திய அனுபவம்

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் பழைய மகேந்திரா ஜீப்பின் 2523 சிசி எம்டிஐ டீசல் எஞ்சினைச் சேலத்தில் முழுவதும் பிரித்துப் புதுப்பித்தபோது, எக்ஸாஸ்ட் வாயுவின் விசையில் சுழன்று வெளிக்காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் டர்போ ஒன்றையும் வெளிச்சந்தையில் வாங்கி அதில் பொருத்தினோம். இது டர்போ இல்லாமல் வந்த எஞ்சின். 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தாலும் பம்ப் அனுப்பும் டீசல் குறைவதில்லை என்பதால், மூட்டை ஏற்றிய ஜீப் தோட்டத்து மேட்டில் கரும்புகையைக் கக்கிக்கொண்டுதான் ஏறும். எங்களுக்கு வேகம் தேவையில்லை. அந்த இழப்பை ஈடுகட்டினால் போதும்.

பொதுச்சாலையில் ஓடும் வண்டியில் இதைச் செய்யும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதனால்தான் ஜீப்பைக் கீழே இறக்கியதும் மீண்டும் மலைக்குக் கொண்டுவந்ததும் லாரியில்தான்.

கிராங்க் தேய்ப்பு, புதிய பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட்டின் அடிப்பரப்பைச் சமப்படுத்துவது ஆகியவை எல்லாப் பட்டறையிலும் நடக்கும் வேலைகள்தான். ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். எஞ்சின் முதலில் டர்போ இல்லாமலே ஓடிப் பழகவேண்டும், ரிங்குகள் சிலிண்டரில் படிந்து நான்கிலும் கம்ப்ரஷன் ஒன்றுபோல் வந்த பிறகே டர்போ ஏறவேண்டும் என்றேன். ரிங் வழியே வாயு கசியும் எஞ்சினில், அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் டர்போவிலிருந்து திரும்பும் ஆயிலை மறிக்கும். மறிபட்ட ஆயில் சீல் வழியே கசிந்து நீலப்புகையாக வெளியேறும். பழி என்னவோ டர்போ மேல்தான் விழும்.

டர்போவைத் தேர்ந்தெடுக்க ஒரு சிறு கணக்குப் போதும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும் என்பதால், 3000 சுற்றில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 3785 லிட்டர் போகும். பெரிய டர்போ இந்த ஓட்டத்தில் சோம்பிக் கிடக்கும். முதலில் ஒரு கடையில் புதுப்பித்த டர்போ ஒன்றைக் காட்டினார்கள்; தண்டை விரலால் பக்கவாட்டில் அழுத்திச் சுற்றியபோது இறக்கை உறையில் உரசும் ஓசை கேட்டது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டப்போகும் பொருளில் அந்த ஓசையைக் கேட்டபின் பேரம் பேச எதுவும் இல்லை. புதிதாகவே வாங்கிவிட்டோம்.

சிலிண்டர்களின் புகையைத் திரட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில்தான் டர்போ உட்காரும். பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் வெல்டிங் வைத்தால் விரிசல் விடும் என்பதால், கனத்த எஃகுக் குழாய் வளைவுகளைக் கொண்டு புதிய மேனிஃபோல்டு செய்யச் சொன்னேன். எஞ்சினோடு பொருந்தும் தட்டை முகமான ஃபிளாஞ்சைத் தடித்த இரும்புத் தகடு ஒன்றில் போல்ட் போட்டு இறுக்கி, அந்த நிலையிலேயே வெல்டிங் செய்து, முழுவதும் ஆறிய பிறகே கழற்றினார்கள். அப்படியும் ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தது. நேர்சட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பார்த்தபோது கீற்றுத் தெரிந்தது. கிரைண்டிங்கில் கொடுத்து முகத்தைச் சமன் செய்த பிறகே கேஸ்கெட் வைத்தோம்.

ஆனால் வேலையின் பெரும்பகுதி ஆயில் பாதையில்தான் போனது. பட்டறைக்காரர் லாரி எஞ்சின்களில் பழுத்த கை. ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் டீ இணைப்புப் போட்டு, நடுவில் துளையுள்ள பேன்ஜோ போல்ட் வழியே மேலிருந்து ஆயில் கொடுப்பதை அவர் விரைவில் முடித்துவிட்டார். திரும்பும் குழாயைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ளே போறது பிரஷர்ல போயிடும் சார், வெளியே வர்றதை யாரு தள்ளுவாங்க?" என்றார். பேரிங்கைக் கடந்த ஆயில் கடைந்த மோரின் நுரைபோல் காற்றுக் கலந்து வரும். அது தன் எடையால் மட்டுமே இறங்கவேண்டும் என்பதால், குழாய் அகலமாகவும் எங்கும் மேலேறாமலும் இருக்கவேண்டும், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலேதான் சேரவேண்டும். எங்கள் டர்போவில் வடிகால் வாய் எஞ்சின் மவுண்டின் மேல் சாய்ந்து நின்றது. டர்போவின் இருபுற உறைகளின் போல்ட்டுகளையும் தளர்த்தி, நடுப்பகுதியைத் திருப்பி, வாய் நேர்கீழாக வந்த பிறகு மறுபடி இறுக்கினோம். சம்ப்பைக் கழற்றித் துளையிட்டு, நிப்பிளைப் பற்றவைத்து, உள்ளே விழுந்த தூள் ஒன்றுகூட மிஞ்சாமல் கழுவினோம். ஆயில் இணைப்புகளில் சிலிக்கான் பசையோ டெஃப்லான் டேப்போ வைக்க அவர் விடவில்லை. பிய்ந்த துணுக்கு ஒன்று போதும், பேரிங்குக்குப் போகும் துளை அடைபட. முதல்முறை ஸ்டார்ட் செய்யுமுன் டர்போவில் ஆயில் நுழையும் வாயில் ஆயிலை ஊற்றி, டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்து, வடிகால் முனையில் ஆயில் இடைவிடாமல் வழிவதைப் பார்த்தபின்தான் குழாயை மாட்டினோம்.

பூஸ்ட் அழுத்தத்தை, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டுவதை, 0.5 பாருக்கு மேல் போக விடவில்லை. எங்கள் எஞ்சினில் பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட்டுகள் கிடையாது என்பதால் கூடுதல் வெப்பத்தை அது தாங்காது. அந்த 0.5 பாரும் மலைமேலும் கீழே சேலத்திலும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லவேண்டும். வெளிக்காற்று 1 பாரை ஒட்டியிருக்கும் சேலத்தில் அதற்கு டர்போ காற்றை ஏறக்குறைய 1.5 மடங்கு அழுத்தினால் போதும். ஏற்காட்டில் வெளிக்காற்றே சுமார் 0.85 பார்தான் என்பதால் 1.6 மடங்கை ஒட்டி அழுத்தவேண்டும், தண்டும் அதற்கேற்ப வேகமாகச் சுழலும். கீழே செட்டிங் வைத்துவிட்டு அதையே நம்பியிருக்க முடியாது.

டீசல் அளவை முதலில் தொடவே இல்லை. டர்போவில் எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் சக்கரமான டர்பைனுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் வெப்பமானி வைத்து, காய் மூட்டைகளுடன் தோட்டத்தின் செங்குத்தான மண்பாதையில் ஏற்றிப் பார்த்தோம். புகை அறவே குறைந்திருந்தது. அதன் பிறகே பம்ப் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினோம். 700 டிகிரி என்பதை நான் எல்லையாக வைத்திருந்தேன். முள் 600ஐத் தாண்டிய இடத்திலேயே, முன்பு முதல் கியரில் முக்கி முனகி ஏறிய மேட்டை இரண்டாம் கியரில் ஏற முடிந்ததால், அங்கேயே நிறுத்திவிட்டோம். சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு மேனிஃபோல்டு நட்டுகளை எஞ்சின் ஆறியிருக்கும்போது மறுபடி இறுக்கினோம். இரண்டு நன்றாகவே தளர்ந்திருந்தன. ஆயிலை முன்பைவிடச் சீக்கிரம் மாற்றுகிறோம். ஏறிவந்ததும் டர்போவின் சூடு தணிய ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் எஞ்சினை நிறுத்தவேண்டும் என்பதற்கு மட்டும் டிரைவர் இன்னும் பழகவில்லை.